படமும் ப்ரமாணமும்: 1754ஆம் ஆண்டுச் சென்னைக் கோட்டைப் படமும் ஸ்ரீசென்னகேசவப் பெருமாள் பழைய திருக்கோயிலும்

ஸ்ரீசென்னகேசவப் பெருமாள் இன்று எழுந்தருளியிருப்பது சென்னைப் பூக்கடையை அடுத்த தேவராஜ முதலித் தெருவில். அருகிலேயே ஸ்ரீசென்னமல்லீச்வரர் கோயில். இவ்விடத்தைப் 'பட்டணம் கோயில்' என்று வழங்குவது ஊர் வழக்கு. பெருமாள் ஆதியில் எழுந்தருளியிருந்த இடம் இதுவன்று. கோட்டையின் வடமதிலுக்கு வெளியே, இன்று உயர்நீதிமன்ற வளாகம் பரந்து கிடக்கும் நிலப்பகுதியில், பழைய கறுப்பர் பட்டணத்தின் நடுவே அந்தத் திருக்கோயில் இருந்தது. 1757இல் அது இடிக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1754இல், லண்டன் மாநகரில் ஜான் வான் ரைன் என்னும் செதுக்கோவியர் செய்து, ராபர்ட் ஸேயர் என்னும் படவணிகர் வெளியிட்ட செப்புத்தகட்டுப் படம் ஒன்று உண்டு. சோழமண்டலக் கடற்கரையில் உள்ள புனித ஜார்ஜ் கோட்டையைக் கடலிலிருந்து காண்பதாக அமைந்த படம் அது. திருக்கோயில் நின்ற காலத்துப் பட்டணத்தைக் காட்டும் படம் என்பதால், பெருமாளிடத்தில் ஈடுபாடு உடையோர் அதைக் கையிலெடுத்தவுடன் கோட்டையின் வடபுறத்தில் ஒரு கோபுரத்தைத் தேடுவது இயல்பே. அந்தத் தேடலுக்கு அப்படம் எவ்வளவு இடம் தரும், எவ்வளவு தராது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இந்த ஆராய்ச்சி ஸ்ரீவைஷ்ணவ வித்வான்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆழ்வார்களின் மங்களாசாஸனம் பெற்ற திவ்யதேசமாயின் அதன் தொன்மைக்குப் பாசுரமே சான்றாகிறது. அதற்குப் பூர்வாசார்யர்கள் அருளிய வ்யாக்யானம் அவ்விடத்தின் பெருமையைக் காலந்தோறும் காத்துவருகிறது. திருவல்லிக்கேணிக்கு அந்தப் பாக்கியம் உண்டு. அங்கே ஆங்கிலேயர் வரைந்த படம் ஒன்றும் இல்லாமற் போயிருந்தாலும் குறை ஒன்றும் வந்திராது. சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்கோ பாசுரம் இல்லை. பட்டணத்தோடு தோன்றிய அபிமான ஸ்தலம் அது. அதன் முதல் நூற்றாண்டை அறிய நமக்குள்ளவை சில கொடைச் சாசனங்களும், கம்பெனியாரின் பதிவேடுகளும், ஒரு நிலப்படமும், இத்தகைய செப்புத்தகட்டுப் படங்களுமே. வேற்றுச் சமயத்தார், வேற்று நோக்கத்தோடு எழுதியும் வரைந்தும் வைத்தவற்றைக் கொண்டு எம்பெருமானுடைய ஸந்நிதியின் வரலாற்றைச் சொல்லவேண்டியிருக்கும்போது, அவற்றைப் படிக்கும் முறை முதலில் தெளியவேண்டும்.

ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என்று ப்ரமாணம் மூன்று என்பது விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் ப்ரஸித்தம். படம் இவற்றுள் எதில் அடங்கும்? கண்ணாலே காணப்படுவதாகையால் ப்ரத்யக்ஷம் என்றே முதலில் தோன்றும். ஆராய்ந்தால் அப்படியன்று. படத்தைப் பார்ப்பவனுக்கு ப்ரத்யக்ஷமாவது தாளும் மையும் கோடுகளுமே. கோட்டையும் கடலும் அவனுக்கு ப்ரத்யக்ஷம் அல்ல. 'கோட்டை இப்படி இருந்தது' என்று ஒருவர் சொன்னது அக்கோடுகளின் வழியே அவனை எட்டுகிறது. ஆகவே படம் என்பது ஒருவகை வாக்யம். அதிலும் பௌருஷேய வாக்யம். பௌருஷேய வாக்யத்திற்குச் சொன்னவன் ஆப்தனா என்ற கேள்வி தவிர்க்கமுடியாதது. ப்ரமம், ப்ரமாதம், விப்ரலம்பம் முதலான தோஷங்கள் அதில் புகுந்திருக்கக்கூடும். பழைய படம் ஒன்றைக் கண்டவுடன் 'இதோ கண்ணெதிரே சான்று' என்று மகிழ்பவர், சப்தத்தை ப்ரத்யக்ஷமாக மயங்குகிறார். புகைப்படத்தோடு பழகிய இக்காலத்தார்க்கு இம்மயக்கம் இன்னும் எளிதாக நேர்கிறது.

வாக்யம் என்று கொண்டபின் வழி தெளிவாகிறது. நம் வ்யாக்யாதாக்கள் பாசுரத்தின் பதங்களுக்குள் நேரே நுழைவதில்லை. முன்னே அவதாரிகை; சொல்லுகிறவர் யார், யாரைக் குறித்துச் சொல்லுகிறார், எந்த நிலையிலே நின்று சொல்லுகிறார், முன்பு சொன்னதோடு இதற்கு ஸங்கதி என்ன என்பவை அங்கே நிர்ணயிக்கப்படும். திருவாய்மொழியின் ஈட்டு வ்யாக்யானம் மூன்று ஸ்ரிய:பதிப் படிகளாகிய நெடிய ப்ரவேசத்திற்குப் பின்னரே முதற்பாசுரத்தைத் தொடுகிறது. அருளிச்செயலையும் ஒரு வணிகப் படத்தையும் ஒருசேர வைப்பது அபசாரமாகாதோ எனின், ஒப்பு பொருளில் அன்று, கற்கும் முறையில் மட்டுமே. மெய்யான பெருமை உள்ள நூலுக்கே அவதாரிகை வேண்டியிருக்க, லண்டன் கடைத்தெருவில் விற்ற படத்திற்கு அது வேண்டாவோ?

இனி அப்படத்தின் அவதாரிகை. வான் ரைன் நெதர்லாந்தில் 1712இல் பிறந்து லண்டனில் தொழில் செய்தவர். 1754இல் அவர் செய்தது சென்னைக் கோட்டைப் படம் ஒன்று மட்டும் அன்று. பம்பாய், வங்காளத்து வில்லியம் கோட்டை, நன்னம்பிக்கை முனை, ஸெயின்ட் ஹெலினா தீவு ஆகியவையும் அதே வரிசையில் வந்தன. இவ்வளவு தூரம் விலகிய இடங்களை ஒரே ஆண்டில் ஒருவர் நேரிற் சென்று வரைந்து, செதுக்கி, வெளியிடுதல் கூடாத காரியம் என்பதை அநுமானமே காட்டும். இந்த இடப்பட்டியலுக்கு முன்மாதிரி ஒன்று உண்டு. 1732ஆம் ஆண்டளவில் லண்டன் லெடன்ஹால் தெருவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகைக்காக ஆறு பெரிய எண்ணெய் ஓவியங்கள் தீட்டப்பட்டன. நிலத்தையும் கட்டடங்களையும் ஜார்ஜ் லாம்பர்ட்டும், கடலையும் கப்பல்களையும் ஸாமுவேல் ஸ்காட்டும் தீட்டினர். மேற்சொன்ன ஐந்து இடங்களும் தலச்சேரியும் அவற்றின் பொருள்கள். அவ்விருவரும் இந்தியா வந்தவர்கள் அல்லர். கம்பெனியிடமிருந்த வரைபடங்களைப் பார்த்துத் தீட்டியவர்கள். அவ்வோவியங்களும் 1736இல் செப்புத்தகட்டில் ஏறி அச்சாகிப் பரவின. ஆகவே 1754ஆம் ஆண்டுப் படத்திற்குப் பின்னால் உள்ளது ஒரு மனிதனுடைய கண் அன்று. படத்தைப் பார்த்துப் படம், அதைப் பார்த்து மற்றொரு படம் என்று வரும் ஒரு பரம்பரை. நம் ஓராண் வழியைப் போல உபதேசம் பெற்றவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் தெரிந்த பரம்பரையாக இருந்தால் தனியன் சேவித்து ஏற்கலாம். இங்கே கரையில் நின்று முதற்கோடு போட்டவனின் பெயரே படத்தில் இல்லை.

அடுத்து, யாரைக் குறித்துச் சொல்லப்பட்டது? லண்டனில் கம்பெனிப் பங்குகள் வைத்திருந்தோர், கம்பெனிச் சேவகத்தில் மகனையோ மருமகனையோ கடல்கடந்து அனுப்பியோர், கப்பல் முதலாளிகள் முதலியோரே இத்தகைய படங்களை வாங்கிச் சுவரில் மாட்டியவர்கள். அவர்கள் காண விரும்பியவை கொடி பறக்கும் கோட்டை, மதில், அதன் முன்னே பாய்விரித்த பெருங்கப்பல்கள். படத்தின் முன்பாதியைக் கடலும் கப்பலும் கொள்ள, கோட்டை அதன் பின்னே நீண்டு கிடப்பதன் காரணம் இதுவே.

எந்த நிலையில் நின்று சொல்லப்பட்டது என்பதற்குப் படத்தின் தலைப்பே வழிகாட்டும். 'சோழமண்டலக் கடற்கரையில், இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிய' கோட்டை என்பது அத்தலைப்பின் பொருள். 'உரிய' என்ற சொல் இவ்வரிசையின் மற்றப் படங்களிலும் வருவதாகையால் அது வெறும் வாய்பாடு என்று கடந்துபோகலாம். ஆனால் ஒரே சொல் இடம் மாறும்போது வேறு சுவை பெறுவதை வ்யாக்யானங்களில் பழகியோர் அறிவர். பம்பாய்க்கும் ஸெயின்ட் ஹெலினாவுக்கும் நேராத ஒன்று சென்னைக்கு நேர்ந்திருந்தது. 1746 செப்டம்பரில் லா பூர்தொன்னே தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர் கோட்டையையும் பட்டணத்தையும் பிடித்துக்கொண்டனர். ஏறக்குறைய மூன்றாண்டுகள் கம்பெனிக்குச் சென்னை இல்லை. ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1749 ஆகஸ்டில்தான் அது திரும்பக் கிடைத்தது. இழந்து பெற்ற ஊரைக் குறித்து, அதை இழந்த செய்தியையும் கேட்டிருந்த லண்டன் மக்களுக்கு, 'இது கம்பெனிக்கு உரியது' என்று சொல்லும்போது அச்சொல் உறுதிமொழியாகிறது. படத்தின் தாத்பர்யம் அந்த ஒரு சொல்லில் உள்ளது. பட்டணத்தின் கோயில்கள் எவை, தெருக்கள் எவை என்று தெரிவிப்பது அதன் தாத்பர்யம் அன்று. தாத்பர்யம் இல்லாத இடத்தில் ஒரு வாக்யத்தை ப்ரமாணமாகக் கொள்ளலாகாது என்பது யாவரும் ஒப்பிய நியாயம்.

பட்டணத்தின் பெயரும் அத்தலைப்பில் இல்லை என்பதை இங்கே சொல்லிச் செல்லலாம். தாமர்ல வேங்கடப்ப நாயகர் 1639இல் ஆங்கிலேயர்க்கு இடம் கொடுத்தபின் எழுந்த ஊர், அவருடைய தந்தை சென்னப்ப நாயகர் பெயரால் சென்னப்பட்டணம் ஆயிற்று என்பது ஒரு கொள்கை. அத்தாமர்ல குடும்பத்தவரான அங்கபூபாலர் தெலுங்கில் இயற்றிய உஷாபரிணயம் இதற்கு அரண். சென்னகேசவன் திருநாமத்தாலேயே ஊர் பெயர் பெற்றது என்பது மற்றொரு கொள்கை. சென்னகேசவன் என்னும் திருநாமம், அழகிய கேசவன் என்னும் பொருளில், ஹொய்ஸள நாட்டுப் பேலூரில் 1117ஆம் ஆண்டிலேயே விளங்கியது. சென்னப்பர் என்ற மனிதர் பெயரும் அத்திருநாமத்தின் வழிவந்ததாக இருக்கத் தடையில்லை. இவ்விரண்டில் எது கொண்டாலும் எம்பெருமானுக்குக் குறைவில்லாமையால் இவ்வழக்கை வளர்த்துவதில் பயன் அதிகம் இல்லை.

இனிப் படத்தின் பதவுரை. இங்கு முதலில் தெளியவேண்டியது வலம் இடம். செப்புத்தகட்டில் செதுக்கியது தாளில் அச்சாகும்போது கண்ணாடியில் கண்டதுபோல் இடவலம் மாறும். ஆகவே செதுக்குபவன் மூலத்தைத் தகட்டிலே தலைகீழாய், அதாவது இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். அச்சான படம் ஒன்றைப் பார்த்து அப்படியே தகட்டில் பிரதிசெய்பவன் இதை மறந்தாலோ, உழைப்பைக் குறைக்க விரும்பினாலோ, அவனுடைய படத்தில் ஊரே திரும்பிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில், ஆடியும் வில்லையும் பொருத்திய பெட்டியில் வைத்துக் காண்பதற்கென்றே இடவலம் மாற்றி அச்சிட்ட நகரக் காட்சிகளும் மலிந்திருந்தன. கீழ்க்கடலிலிருந்து மேற்கு நோக்கிச் சென்னையைக் காண்பவனுக்கு வலக்கை வடக்கு. கோட்டைக்கு வலப்புறம் கறுப்பர் பட்டணம். அதற்கும் அப்பால் மணல்வெளியும், 1708இல் நவாபிடமிருந்து கம்பெனி பெற்ற ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும், சாத்தங்காடும், இன்றைய எண்ணூரை அடுத்த கத்திவாக்கமும். இடப்புறம் தெற்கு, திருவல்லிக்கேணியும் மயிலையும் அத்திசையில். திரும்பிய பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு கோட்டையின் வலப்புறம் தெரியும் கட்டடங்களைக் கறுப்பர் பட்டணம் என்று காட்டுபவர், பெருமாளைத் தெற்கே தேடுகிறவராவார். ஏடெழுதுவோர் கைப்பிழையால் வரும் பாடபேதம் போன்றதே இது. சுத்தபாடம் அறியாமல் அர்த்தம் சொல்லப் புகுவது எங்கும் தகாது.

அடுத்தது தூரம். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. அது வந்தது 1880களில்தான். பெருங்கப்பல்கள் கரையை அணுகமுடியாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே, அலைகளின் மோதலுக்கு வளைந்துகொடுத்து, மனிதரையும் சரக்கையும் கரை சேர்க்கும். கடலிலிருந்து காணும் காட்சி என்பது ஆகவே அலைக்கும் உப்புமூட்டத்துக்கும் அப்பாலிருந்து காணும் காட்சி. தாழ்ந்த ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரு கீற்றாகவே தோன்றும். உயர்ந்த கோபுரமாயின் தனித்துத் தெரியும் என்பதும் உண்மை. மாமல்லபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் ஏழு கோயில்கள் என்றே குறித்துக் கடலில் வழி கண்டனர். ஆகையால் உண்மையாகவே கப்பல் தளத்தில் நின்று வரைந்த ஒருவனாயின், பெருமாள் கோயிலின் உயர்ந்த பகுதி ஏதேனும் அவன் கண்ணிற் பட்டிருக்கக்கூடும். லண்டனில் அமர்ந்து மூன்றாம் கைப் பிரதியிலிருந்து செதுக்குபவனுக்கு அது ஒரு கோடு. அதைப் பெரிதாக்கவும், மணிக்கூண்டுபோல் மாற்றவும், விட்டுவிடவும் அவனுக்கு உரிமை உண்டு. மேகம் போடும் இடத்தில் மேகம் போடுவதுபோல, கீழைநாட்டு ஊர் என்று காட்டக் கூம்பு வடிவம் ஒன்றை வைப்பதும் அக்காலச் செதுக்கோவியரின் வழக்கமே.

இங்கே இரண்டு பூர்வபக்ஷங்கள் எழும். படத்தின் வடபுறத்தில் கோபுரம் போன்ற வடிவம் ஒன்றைக் கண்டு, 'இதுவே பெருமாள் கோயில். இடிபடுவதற்கு முன் அது இருந்த கோலம் இது' என்பர் ஒரு சாரார். அப்படி ஒன்றும் இல்லை என்று கண்டு, 'கோயில் பெரியதாய் இருந்திருக்குமானால் படத்தில் வந்திருக்கும். ஆகவே அது சிறுகோயிலே' என்பர் மற்றொரு சாரார். முன்னவர் பக்தியாலும் பின்னவர் ஆராய்ச்சி என்ற பெயராலும் பேசினாலும் இருவர் வழியும் ஒன்றே. இருவரும் படத்தை ப்ரத்யக்ஷமாகக் கொண்டுவிட்டனர். சொன்னவன் பார்த்துச் சொல்லவில்லையாகில் அவன் 'உண்டு' என்றதும் ப்ரமாணம் அன்று, 'இல்லை' என்றதும் ப்ரமாணம் அன்று. பின்னவர் வாதம் இன்னும் ஒருபடி பலவீனமானது. ஒன்றைச் சொல்லாமை அதன் இன்மையைக் காட்டாது. 'உரியது' என்று நிலைநாட்ட வந்த படம் பிறர்க்கு உரியவற்றைச் சொல்லாமல் விடுவது அதன் இயல்பு. அத்தகையதில் எம்பெருமான் கோயில் காணப்படாமையில் வியப்பு ஏது?

ஆனால் இதற்காக அப்படத்தை ஒதுக்கிவிடுவதும் தகாது. அது எதைச் சொல்ல வந்ததோ அதில் அதற்கு வலிமை உண்டு. கோட்டையும் கறுப்பர் பட்டணமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்ற பழைய நிலையே லண்டனார் மனத்தில் 1754இலும் சென்னை என்று பதிந்திருந்தது. உண்மையிலோ அந்த நெருக்கம் அப்போதே உடையத் தொடங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர் தாம் வைத்திருந்த காலத்தில் கோட்டை மதிலை ஒட்டிய வீடுகளை இடித்திருந்தனர். ஆக, படம் வெளியான நாளிலேயே அது பழங்கதை. அதே கடற்கரையில் போர் மூண்டு, 1751ஆம் ஆண்டு ஆற்காட்டு முற்றுகையின் செய்தி லண்டனை எட்டி, சோழமண்டலக் கரையைப் பற்றி அறிய அங்கே ஆவல் பெருகிய காலம் அது. பழைய படத்தைப் புதுத் தகட்டில் ஏற்றி விற்க அதைவிட நல்ல சமயம் ஸேயருக்கு வாய்த்திராது.

கோயிலுக்கு ஆப்த வாக்யங்கள் வேறு இடத்தில் உள்ளன. கம்பெனிக்கு வெடிமருந்து செய்துகொடுத்த நாகபட்டன் என்பவர் 1646இல் எழுதிக்கொடுத்த சாசனம் இக்கோயிலைச் சொல்லும் மிகப்பழைய எழுத்து. 1648இல் கம்பெனியின் வணிகரான பேரி திம்மப்பர் அளித்த சாசனம் அதற்கு அடுத்தது. பட்டணம் தோன்றி ஏழாண்டுகளுக்குள் திருவாராதனத்துக்கு வழி செய்யப்பட்டுவிட்டது என்பது இவற்றால் நிச்சயம். இவர்கள் கண்டவர்கள், கைங்கர்யம் செய்தவர்கள், நிலத்தைப் பற்றிப் பொய் எழுதினால் மறுநாளே அயலார் மறுப்பர். ஆப்தத்வத்திற்கு வேறு என்ன வேண்டும்? அடுத்து, 1698 முதல் 1709 வரை ஆளுநராயிருந்த தாமஸ் பிட் அளக்கச்செய்த நிலப்படம். கறுப்பர் பட்டணத்துத் தெருக்களின் நடுவே கோயிலின் இடம் அதில் குறிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலேயர் தம் பதிவேடுகளில் அதைப் பெரிய கோயில் என்றே வழங்கினர். நிலப்படம் அழகுக்காகச் செய்ததன்று. வரி வாங்கவும் மதில் கட்டவும் அளந்தது. கோயிலின்மீது அன்பில்லாதவன் அளந்த அளவே, அதன் பரப்பைப் பற்றிய வரையில், அன்புள்ளவன் வரையும் ஓவியத்தைக் காட்டிலும் நம்பத்தக்கது. சிறுகோயில் என்ற பூர்வபக்ஷம் இப்பெயரொன்றாலேயே நிரஸ்தமாகிறது.

1757இல் நடந்தது இரக்கமற்ற கணக்கு ஒன்றின் விளைவு. 1746இல் பகைவர் கறுப்பர் பட்டணத்து வீடுகளின் மறைவில் கோட்டையை நெருங்கமுடிந்தது என்பது கம்பெனியார் கற்ற பாடம். மீண்டும் பிரெஞ்சுப் படை வருமென்ற அச்சம் சூழ்ந்தபோது, கோட்டைக் கொத்தளத்திலிருந்து பீரங்கிக்குத் தடையில்லாத பார்வை வேண்டும் என்று வடபுறத்து வீடுகளோடு பெருமாள் கோயிலையும் தரைமட்டமாக்கினர். அஞ்சியபடியே லாலி 1758 டிசம்பரில் வந்தார், 1759 பிப்ரவரி வரை முற்றுகை நடந்தது, கோட்டை விழவில்லை. கடலிலிருந்து காணும் பார்வை பெருமாள் கோயிலைச் சொல்லாமல் விட்டது. கோட்டையிலிருந்து காணும் பார்வை அதை இல்லாமலே செய்தது.

அப்போது ஆளுநர் ஜார்ஜ் பிகட். அவருடைய துபாஷ் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். திருவொற்றியூருக்கு மேற்கே, இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் மணலியே அவர் குடும்பத்தின் பெயரோடு நிற்கும் ஊர். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை ஆதரித்த புரவலர் என்று அவரை இசையுலகம் அறியும். ஸ்ரீவைஷ்ணவ உலகம் அறியவேண்டுவது வேறு. இடித்த ஆட்சியின் வாசலிலேயே நின்று பணிபுரிந்த அவர், அவ்வாட்சியினிடமிருந்தே 1762இல் மாற்றிடம் பெறுவித்து, தம் பொருளையும் ஊராரிடம் திரட்டிய பொருளையும் இட்டு, சென்னகேசவர்க்கும் சென்னமல்லீச்வரர்க்கும் அடுத்தடுத்துத் திருக்கோயில் எடுப்பித்தார். ஆளுநருக்காக மொழிபெயர்ப்பவர் என்ற நிலையை அவர் பெருமாளுக்காக வழக்காடும் நிலையாக மாற்றிக்கொண்டார் என்றே சொல்லவேண்டும். புருஷகாரத்தின் ஒரு சாயை இதில் உண்டு என்று ரஸிப்பார் ரஸிக்கட்டும். வரலாறு அவ்வளவு தூரம் செல்லாது.

இடிந்த ஊரின் மக்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேற, அதுவே புதிய கறுப்பர் பட்டணம் ஆயிற்று. 1911இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது. அதைச் சூழக் கட்டிய மதிலின் வடபகுதி எச்சம் இராயபுரத்துத் தென்னெல்லையில் மாடிப் பூங்கா என்ற பெயரோடு இன்றும் மேடாக நிற்கிறது. பழைய பட்டணம் இருந்த இடம் வெட்டவெளியாகவே காக்கப்பட்டது. இதற்கு மேல் கோட்டை நோக்கி வீடு கட்டலாகாது என்று எல்லை குறிக்க 1773இல் நட்ட ஆறு கற்றூண்களில் ஒன்று பாரிமுனையில் எஞ்சியுள்ளது. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் சென்னைக்கு வந்து, கண்ணால் கண்டு வரைந்து, 1797இல் வெளியிட்ட தென்கிழக்குக் கோட்டைக் காட்சி வான் ரைன் படத்தைக் காட்டிலும் பலமடங்கு ஆப்தமானது. ஆனால் அவர்கள் வந்தபோது பழைய கோயில் போய் முப்பத்தைந்து ஆண்டுகள். கண்டு வரைந்தவர்கள் வந்தபோது கோயில் இல்லை. கோயில் இருந்தபோது வெளிவந்த படமோ காணாமல் வரைந்தது. அவ்வெளியில் 1844இல் கலங்கரை விளக்கமும், 1892இல் உயர்நீதிமன்றமும் எழுந்தன. கடலும் இடம் மாறிவிட்டது. துறைமுகச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளை அலை அரித்துக் கற்குவியல் கொட்டிக் காக்கவேண்டியதாயிற்று. வான் ரைன் காட்டும் அலை விளிம்பை இன்று அவ்விடத்தில் தேடிப் பயனில்லை.

கோயில் மலர்களிலும் தலவரலாற்று நூல்களிலும் இப்படத்தை அச்சிட விரும்புவோர்க்குத் தடையில்லை. அதன் கீழே 'பழைய சென்னகேசவப் பெருமாள் கோயில்' என்று மட்டும் எழுதலாகாது. 1754இல் லண்டனில் வெளியானது, கடலிலிருந்து காண்பதாகச் செய்யப்பட்டது, வலப்புறம் வடக்கு, கோட்டையின் வடமதிலுக்கு அப்பாலுள்ள நிலப்பகுதியில் 1757 வரை பெருமாள் எழுந்தருளியிருந்தார் என்று எழுதுவது பொருந்தும். அடுத்த பக்கத்தில் பிட்டின் நிலப்படத்தையும், 1646, 1648ஆம் ஆண்டுச் சாசனங்களின் வாசகத்தையும் சேர்த்து அச்சிட்டால் சேவார்த்திகள் தாமே ஒப்பிட்டுக்கொள்வர்.